தணலின் இருமல்

பிற்பகல் ரொட்டி மொத்தமும் கரியாகிப் போன அன்று, பேக்கரிக்காரர் அடுப்புக்கு எதிரே நாலடி தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்குத்தான் முதலில் வாடை வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ எரிகிறது என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டு அடுப்பில் ரொட்டி கருகும் என்பது அவள் யோசனைக்கே எட்டாத விஷயம். படியிறங்கி வந்து பார்த்தபோது இரும்புக் கதவின் இடுக்கிலிருந்து புகை கிளம்பி, கூரைக்குக் கீழே ஒரு விரிப்புப் போலத் தங்கியிருந்தது. அதற்கு அடியில் அவர், இடது கண்ணை மூடிக்கொண்டு, பேப்பரை முகத்தருகே பிடித்திருந்தார்.

"என்னங்க! ரொட்டி!"

"எதுக்கு இப்படி ஓடி வர்ற? கால் தடுக்கி விழப்போற."

அவள் சாக்குத் துணியால் கதவைப் பிடித்து இழுத்தாள். உள்ளே நாற்பது டின்களிலும் கரி இருந்தது.

"உங்களுக்கு வாடை வரலையா?"

"கண்ணு எரிஞ்சுது. பேப்பர்ல எழுத்து ரொம்பச் சின்னதா போடறானுங்க, அதான்னு நெனச்சேன்" என்றார். பிறகு எழுந்து வந்து டின்களைப் பார்த்தார். திட்டவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. யாருடைய ரொட்டியையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, "நாளைக்கிப் போட்டுக்கலாம்" என்று சொல்லி மறுபடி உட்கார்ந்துகொண்டார். கரியைவிட அந்த அமைதிதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

எங்கள் தெருவில் அந்த பேக்கரிக்காரரின் மூக்குக்கு ஒரு மரியாதை இருந்தது. விறகு அடுப்பு ஒருநாள் போல ஒருநாள் எரியாது. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். காற்று அடிக்கிற நாளில் தணல் சீக்கிரம் சாம்பல் பூத்துவிடும். ஆகவே அந்தச் சமையற்கட்டில் கடிகாரமே கிடையாது. அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருப்பார். ஏதோ ஒரு கணத்தில் கை நிற்கும், முகவாய் சற்று உயரும். "எடு" என்பார். எடுத்தால் மேல்தோல் ஒரே சீராகச் சிவந்திருக்கும். முப்பது வருஷமாக அந்தச் சொல்லை அந்த அறையில் அவர் மட்டும்தான் சொன்னார்.

"கடிகாரத்தப் பாத்து ரொட்டி எடுக்கறவன் ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குப் போகலாம்" என்பது அவருடைய பழைய கிண்டல்.

அவர் "எடு" என்றால் எடுப்பவன் தணல். அது பட்டப்பெயர். அடுப்பு வாயில் உள்ளங்கையைக் காட்டியே தணலின் கணக்கைச் சொல்லிவிடுவான் என்பதால் வந்தது. பதினோரு வருஷம் முன்பு செங்கல் சூளையில் வேலை போய், முழங்கை வரை தீக்காயத்தின் தழும்போடு வந்து கடை வாசலில் நின்றவன். எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று பேக்கரிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பன்னைக் கையில் கொடுத்து, அவன் தின்று முடித்ததும் துடுப்புப் போன்ற நீளப் பலகையை நீட்டி, "புடிச்சுக் காட்டு" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. அன்று முதல் அவன் அவரை அண்ணே என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும் கூப்பிட்டு வந்தான்.

ரொட்டி கருகிய அன்று தணல் கடையில் இல்லை. கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தான். பதினோரு வருஷத்தில் அவன் எடுத்த முதல் அரைநாள் விடுப்பு அது. சாயங்காலம் கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணி, என்ன வாடை இது?"

"நீயாவது கேட்டியே" என்றாள் அவள். "உங்க அண்ணன் எதிர்லயே உக்காந்திருந்தாரு தணலு. எதிர்லயே."

அவன் கரி டின்களைப் பார்த்தான். அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். பல் பிடுங்கியவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது விட்டுவிட்டாள்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறாரே என்று மறுநாள் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்கு அவரை அழைத்துப் போனாள். கடைக்காரர் ஆறேழு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இது என் கடையில தீர்ற விஷயமில்ல. கண்ணாடிய வித்து உங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல. கண் டாக்டர்கிட்ட போங்க, இன்னிக்கே போங்க" என்றார். கண் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு வெளுத்திருக்கிறது என்று சொல்லி ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேன் எடுத்த இடத்தில் அதுவரை வளவளவென்று பேசிக்கொண்டிருந்த பையன், படம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டான். நல்லவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு மௌனம் தெரிந்திருக்கிறது. கடவுள் அதையும் ஒரு மொழியாகத்தான் கொடுத்திருக்கிறார் போலும்.

பெரிய மருத்துவமனையில் மூளை அறுவை மருத்துவர் ஒரு பெண். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். அவருடைய அறையில் மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் படம் பார்க்கும் விளக்குப் பலகை. பேக்கரிக்காரரும் மனைவியும் உட்கார்ந்தார்கள். தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மகள் பின்னால் நின்றாள். ஸ்கேன் படக் கோப்பைச் சுமந்து வந்த தணல் கதவருகே நின்றுகொண்டான்.

"ஐயா, வாசனை எப்பலேர்ந்து தெரியல?" என்று மருத்துவர் கேட்டார்.

மனைவிதான் பதில் சொன்னாள். "வாசனைக்கு என்ன டாக்டர்? இவரு மூக்குக்குத்தான் எங்க தெருவே ரொட்டி வாங்குது. அன்னிக்கி ஒருநாள் ஏதோ சளி."

"அப்படியா? ஐயா, கண்ண மூடிக்குங்க."

மருத்துவர் இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தார். காப்பித் தூள். கதவருகே நின்ற தணலுக்கே அதன் வாசம் தெரிந்தது.

"என்ன வாசனை?"

பேக்கரிக்காரர் கண்ணை மூடியபடி இருந்தார். மூச்சை இழுத்தார். பிறகு அவருடைய தலை மெல்லத் திரும்பியது, குப்பியை விட்டு விலகி, கதவுப் பக்கமாக. வலது காது தணல் நின்ற இடத்துக்கு நேராக வந்ததும் நின்றது. அப்படியே காத்திருந்தார்.

தணலின் தொண்டை அரித்தது. கோப்பை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க ஐயா?" என்றார் மருத்துவர்.

மருத்துவர் அவருடைய காது காட்டிய திசையைப் பார்த்தார். மனைவியும் மகளும் பார்த்தார்கள். தணல் குனிந்துகொண்டான்.

"ரெண்டு வருஷமாச்சு டாக்டரம்மா" என்றான்.

ஒரு மழைக்காலத்தில் அது ஆரம்பித்தது. பன் ஒரு சாயல் கூடுதலாகச் சிவந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்னும் "எடு" சொல்லவில்லை. தற்செயலாக அவனுக்குப் புகை ஏறி இருமல் வந்தது. உடனே அவர் "எடு" என்றார். மறுநாள் அவன் சோதித்துப் பார்த்தான். ரொட்டி வெந்துவிட்டது, அவர் பேசாமல் மாவு வெட்டிக்கொண்டிருந்தார். இருமினான். "எடு" என்றார். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவில்லை. வெந்ததும் அவன் இருமுவான், அவர் சொல்வார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"ஏன் சித்தப்பா யார்கிட்டயும் சொல்லல?" என்றாள் மகள்.

"அண்ணனுக்கு இருக்கற பெருமையே அதாம்மா. அத எப்படி நான் போய்..."

மருத்துவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விளக்குப் பலகையில் படத்தைச் செருகி பேனாவால் காட்டினார். மூக்குக்கு மேலே, இரண்டு கண்ணுக்கும் நடுவில், மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று முளைத்திருந்தது. ஆரஞ்சுப் பழம் அளவு.

"இது மூளையில வந்த கட்டி இல்ல. மூளைக்கு ஒரு உறை இருக்கு, அதுலேர்ந்து வளர்ந்தது. பெரும்பாலும் புத்துநோய் வகை இல்ல, மெதுவா வளரும். மொதல்ல வாசனை நரம்ப நசுக்கும், அப்புறம் பார்வை நரம்பு. முன்மூளையையும் தள்ளும். மனுஷன் மந்தமாயிடுவாரு, எதுலயும் அக்கறை இருக்காது. வீட்ல அப்படி ஏதாவது கவனிச்சீங்களா?"

"ஒரு வருஷமா யாரையும் திட்டறதில்ல" என்றாள் மனைவி மெதுவாக. "வயசாச்சு, பக்குவம் வந்துடுச்சுன்னு நெனச்சேன் டாக்டர்."

"எடுத்துடணும். விட்டா பார்வை போயிடும், அப்புறம் உயிரும். மண்டையோட்ட முன்பக்கம் தொறந்து, கட்டிய உள்ளேர்ந்து குடைஞ்சு கொஞ்சம் கொஞ்சமா எடுப்போம். பின்பக்கம் முக்கியமான ரத்தக்குழாய் ஒட்டிக்கிட்டு ஓடுது. ஆபத்து அங்கதான். பார்வை எவ்வளவு மிஞ்சும்னு இப்ப சொல்ல முடியாது. வாசனை திரும்பாது. அத நான் இப்பவே சொல்லிடறேன்."

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருந்தா?" என்று மனைவி கேட்டாள்.

மருத்துவர் சற்றுத் தயங்கினார். "அப்ப எலுமிச்சம்பழம் அளவு இருந்திருக்கும். ஒருவேளை ஒரு பக்கத்து வாசனைய காப்பாத்தியிருக்கலாம்."

நடைக்கூடத்துக்கு வந்ததும் அவள் தணல் கையிலிருந்து கோப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பாசமாடா அது? கண்ணக் கட்டி கெணத்து மேட்ல நடக்க விட்டிருக்க."

"அண்ணி..."

"கூப்பிடாத."

பேக்கரிக்காரர் இருவரையும் பார்த்தபடி சுவரோரம் நின்றார். நடப்பது தன் விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அறுவைக்கு முன்னால் ஏழு நாள் வீக்கம் குறைய மாத்திரை கொடுத்தார்கள். அந்த ஏழு நாளும் தணல் தனியாகக் கடையை ஓட்டினான். காலை ரொட்டியை மட்டும் போட்டான். அண்ணி அவனுக்குத் தேநீர் வைத்துவிட்டுப் போவாள், பேசமாட்டாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பான். அந்த அறையில் அவன் ஒருதரமும் இருமவில்லை. புகை ஏறினால் வெளியே போய்த் தெருவில் நின்று இருமிவிட்டு வந்தான்.

அறுவை அன்று காலை ஏழு மணிக்கு பேக்கரிக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். முன்தலை முடி முழுவதும் வழித்திருந்தது. ஒரு காதிலிருந்து மறு காது வரை நீல மையில் கோடு போட்டிருந்தார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் இரும்பு நாற்காலிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையில் உள்ள எல்லோரும் அசைய வேண்டும். அண்ணி ஒரு முனையில் உட்கார்ந்து உதடு அசையாமல் வேண்டிக்கொண்டிருந்தாள். தணல் மறுமுனையில். நடுவில் மகள்.

பத்து மணிக்குத் தரை துடைக்கும் அம்மாள் வந்தாள். "மூளை ஆபரேஷனா? நானும் ஒருநாள் இங்க உக்காந்தவதான், என் தங்கச்சிக்காக" என்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள், "சாப்பிட்டீங்களா?"

"எறங்கல" என்றாள் அண்ணி.

"எறங்காட்டி பரவால்ல, உள்ள தள்ளுங்க. அவரு வெளிய வந்ததும் ஓடறதுக்கு நீங்கதானே வேணும். நீங்களும் படுத்துட்டா யாரு யாரத் தாங்கறது?"

போனவள் திரும்பி வந்தாள், தன் செலவில் மூன்று தேநீரோடும் உணவகத்து ரொட்டியோடும். தணல் அந்த ரொட்டியை விரலால் அழுத்திப் பார்த்தான். அழுத்திய குழி அப்படியே நின்றது. அவனை அறியாமல் அண்ணியைப் பார்த்தான். அவளும் தன் ரொட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாவு எழும்பறதுக்குள்ள போட்டுட்டாங்க" என்றாள், ரொட்டியிடம் சொல்வதுபோல.

"உப்பும் இல்ல" என்றான் தணல்.

ஏழு நாளில் அதுதான் முதல் பேச்சு.

இரண்டு மணி ஆயிற்று. கதவுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணையவில்லை. மகள் தொலைபேசிக்குச் சார்ஜ் போட எழுந்து போனாள். நடு நாற்காலி காலியானதும் அண்ணி பேச ஆரம்பித்தாள், அவன் பக்கம் திரும்பாமல்.

"போன வருஷத்துலேர்ந்து அவரு சட்டைய மாத்த மாட்டேங்கறாரு தணலு. மூணு நாள் வேர்வை. அவருக்குத் தெரியறதே இல்ல. குளிக்கப் போறப்ப பழையத எடுத்து ஒளிச்சுட்டுத் தோய்ச்சத மாட்டி வெச்சிடுவேன். ஒருநாள் பால் தீஞ்சு, வீடே நாறுது. இவரு அடுப்படியில நின்னு தண்ணி குடிச்சுட்டுப் போறாரு. சொன்னா மனசு நோகும்னு சன்னல மட்டும் தொறந்து விட்டேன். கடையில ரொட்டி தப்பலையேன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன்."

தணல் அவள் பக்கம் திரும்பினான்.

"உன்ன அன்னிக்கி அப்படிப் பேசிட்டேன். நானும் இருமிட்டுதாண்டா இருந்திருக்கேன். சத்தம் வராம."

அவன் தழும்புக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரும்பு நாற்காலி வரிசை முழுவதும் லேசாக அதிர்ந்தது. அவள் தன்னிடம் மிச்சமிருந்த ரொட்டித் துண்டை நடு நாற்காலியில் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

ஐந்து மணிக்கு மருத்துவர் வெளியே வந்தார். தொப்பியின் விளிம்பு நெற்றியில் பதிந்திருந்தது.

"முடிஞ்சது. பின்பக்கம் ரத்தக்குழாய் மேல ஒரு தோல் அளவு விட்டுட்டேன். அதையும் உரிச்சிருக்கலாம், ஆனா குழாய் கிழிஞ்சா ஒண்ணுமில்லாம போயிடும். வருஷத்துக்கு ஒருதரம் ஸ்கேன் பாத்துக்கலாம். பார்வை நரம்பு ரெண்டும் முழுசா இருக்கு, வேலை செய்யுதான்னு அவரு முழிச்சாத்தான் தெரியும்." சொல்லிவிட்டுத் தணலைப் பார்த்தார். "வாசனை நரம்பு ரெண்டும் போச்சு. அது நாம முன்னாடியே பேசினதுதான்."

இரவு முழுக்க அவர் கண் திறக்கவில்லை. மறுநாள் காலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவர் மட்டும் போகலாம் என்றார்கள். அண்ணி போனாள். தலைக்கட்டு, வீங்கிய இமைகள், காதோரம் ஒரு குழாய். நர்ஸ் அவருடைய வலது கண்ணைக் கையால் மூடி, இடது கண்ணுக்கு நேரே விரல்களைக் காட்டினாள்.

"ஐயா, எத்தன விரலு?"

அண்ணியின் கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்தது. விரல்கள் அங்கேயே நின்றன.

"மூணு" என்றார் கடைசியில். "அதுல ஒண்ணுல மோதிரம். கழட்டி வெச்சுட்டு வேலை பாரும்மா, மாவு சிக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். மருத்துவர் வந்தபோது அவர் கேட்டார், "தொறந்து பாத்தீங்களே, உள்ள மூளைன்னு ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. கொஞ்சம் நசுங்கியிருந்துச்சு, இப்ப நிமிந்துக்கும். மூக்கச் சிந்தாதீங்க. மூக்குலேர்ந்து தண்ணியா ஏதாவது ஒழுகினா உடனே சொல்லணும்."

நான்காம் நாள் காலை உணவுக்கு ரொட்டி வந்தது. பேக்கரிக்காரர் விரலால் ஒருதரம் அழுத்தினார். "இது ரொட்டியா, தலகாணிப் பஞ்சா? எந்தக் கழுத போட்டது இத? கூப்பிடு அவன!" என்று கத்தினார். அடுத்த கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்தார். அண்ணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நடைக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"திட்டறாருடா" என்றாள். அழுகையும் சிரிப்புமாக அவளால் மேற்கொண்டு பேச முடியவில்லை. "திட்டறாரு!"

இரண்டு மாதம் கழித்து அவர் கடைக்கு இறங்கி வந்தார். காதிலிருந்து காது வரை போன தழும்பை மறைக்கத் துணித் தொப்பி போட்டிருந்தார். மகள் ஒரு கடிகாரம் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தாள். நேரம் வைத்தால் மணியடிக்கும்.

"இது எதுக்கு?" என்றார்.

"இனிமே இத வெச்சுக்கலாம்பா."

"அப்ப எனக்கு ஒரு பச்சக் கொடியும் வாங்கிக் குடு. ரயில் வருதான்னு பாக்கறேன்."

மாவு வெட்டினார்கள், டின்களில் போட்டார்கள், தணல் பலகையால் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். அண்ணி வேலை ஏதுமில்லாமல் வாசற்படியில் நின்றாள். மகள் மணியைத் திருப்பி வைத்தாள். பேக்கரிக்காரர் பழையபடி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றார். மழை பிடித்துக்கொண்டிருந்தது, விறகு ஈரம்.

மணி அடித்தது. தணல் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தான். மேல்தோல் வெள்ளையாகவே இருந்தது. "இன்னும் இல்ல" என்று மகளிடம் தலையசைத்தான். கதவை மூடிவிட்டு நின்றான். நேரம் போயிற்று. வாசம் எழுந்து அறையை நிரப்பியது. தணல் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றான். அண்ணிக்கும் வாசம் தெரிந்தது. அவள் தணலைப் பார்த்தாள். இரும மாட்டேன் என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

பேக்கரிக்காரர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ரொட்டி வேகும்போது அடுப்பைப் பார்த்து நின்றார்.

"தணலு."

"சொல்லுங்கண்ணே."

"எனக்கு மூக்கு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டேன். இனிமே நீ இரும வேணாம். வாயத் தொறந்து சொல்லு. வாசன எப்படி இருக்கு?"

தணல் திகைத்துப் போனான். பதினோரு வருஷம் நாளுக்கு இரண்டு தடவை முகர்ந்த வாசம். அதற்கு ஒரு சொல்லும் அவனிடம் இல்லை.

"ரொட்டி வாசனதான் அண்ணே."

"அது எனக்குத் தெரியும்டா. இன்னிக்கி எப்படி இருக்குன்னு கேக்கறேன்."

தணல் கண்ணை மூடி மூச்சை இழுத்தான். "நல்லா இருக்குண்ணே. ஈஸ்ட் வாடை போயிடுச்சு. கொஞ்சம் இனிப்பா வருது, வெல்லப் பாகு காய்ச்சற மாதிரி. அப்புறம்..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம்?"

"ஓரத்துல கொஞ்சம் கருகுது."

"அப்ப என்னடா நின்னு கத சொல்லிட்டிருக்க? எடு!"

தணல் பலகையை எட்டிப் பிடித்தான். அண்ணி ஓடி வந்து கதவைத் திறந்தாள். டின்கள் வரிசையாக மேஜைக்கு வந்தன.

அன்றைய ரொட்டி ஓரத்தில் கருகித்தான் இருந்தது. முதலில் வந்தவர் கண்ணாடிக் கடைக்காரர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஓரம் கருகியிருக்கே" என்றார்.

"ஆமா, கருகிடுச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

"சரி, ரெண்டு குடுங்க."

அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் அப்படியே சொன்னார்கள். சொல்லிவிட்டே வாங்கிக்கொண்டு போனார்கள்.